'1977 வைகை'யின் மேல் 12635

"எழுத்துல என்னங்க இருக்கு? ரயில் ஓடுதா, அதைப் பாருங்க."

ரயில் மாடல் செய்கிறவர்களிடம் ஒரு சின்ன சந்தேகம் கேட்டுப் பாருங்கள், இந்த வசனம் கண்டிப்பாக வந்து விழும். வண்டியின் பக்கவாட்டில் தப்பான பெயர் இருக்கே என்றால் இதே பதில். வகுப்பு எண் தப்பு, வருஷம் தப்பு என்றாலும் இதே பதில்தான். கேட்டவன் ஏதோ கல்யாண வீட்டில் சாம்பாரில் உப்பு இல்லை என்று சொன்ன மாதிரி எல்லோரும் முறைப்பார்கள்.

எனக்கு இந்த வசனத்தின் மேல் ரொம்ப நாளாகக் கடுப்பு. இன்றைக்குக் கொட்டிவிடுகிறேன். பெரிய கட்டுரை, டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் யாரைத் திட்டவில்லை என்று சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு வாங்கித் தருகிற பேட்டரி ரயிலைத் திட்டவில்லை. அதில் 'சூப்பர் எக்ஸ்பிரஸ்' என்று எழுதியிருந்தாலும் சரி, எஞ்சினில் சிரிக்கிற மூஞ்சி இருந்தாலும் சரி. அது பொம்மை, அது எதையும் சாதிப்பதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அட்டைப் பெட்டியில் ரயில் செய்து டீச்சரிடம் காட்டுகிற ஆறாம் வகுப்புப் பையனும் என் கணக்கில் வரமாட்டான். நான் சொல்வது, மாடலுக்கு முன்னால் ஒரு அட்டை வைத்து 'வைகை எக்ஸ்பிரஸ், மீட்டர் கேஜ், 1977' என்று எழுதுகிறார்களே, அவர்களை. வருஷம் போட்டாகிவிட்டது. அந்த நான்கு இலக்கம் போட்ட நிமிஷத்தில் அது பொம்மை இல்லை, சாட்சி.

நான் பி.காம். படிக்கிறவன், அதனால் என் புத்தி அப்படித்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். பேலன்ஸ் ஷீட்டின் தலையில் ஒரு தேதி இருக்கும், 31 மார்ச் என்று. அந்தத் தேதியில் கையில் என்ன இருந்ததோ அதுதான் உள்ளே இருக்கலாம். அடுத்த வருஷம் வரப்போகிற பணத்தை இந்த வருஷக் கணக்கில் எழுதினால் அதற்குப் பெயர் வேறு. மாடலும் அப்படித்தான். ரயிலின் உருவம் இருபது முப்பது வருஷம் மாறாமல் ஓடும். தேதியைச் சொல்வது அதன் மேல் இருக்கிற எழுத்து மட்டுமே.

இப்போது அந்த '1977 வைகை'க்கு வருவோம். ஒரு கண்காட்சியில் பார்த்தது. யார் செய்தது, எங்கே என்பதெல்லாம் வேண்டாம். அவரை எனக்குப் பிடிக்கும், மனுஷன் கை தங்கம். ஜன்னல் கம்பிகளைத் தனித்தனியாக ஒட்டியிருந்தார், ஒன்றுகூடச் சாயவில்லை. ஆனால் பக்கப் பலகையில் வண்டி எண் 12635. அடப்பாவமே! வைகை 1977 ஆகஸ்ட் 15 அன்று மீட்டர் கேஜில் ஓட ஆரம்பித்தது. இந்தியா முழுக்க வண்டிகளுக்கு ஐந்து இலக்க எண் வந்தது 2010 டிசம்பரில். அதற்கு முன்னால் அது 2635, நான்கு இலக்கம். அந்த நான்கு இலக்க முறையும் 1977-க்குப் பல வருஷம் கழித்துத்தான் வந்தது. 12635 என்ற எண் பிறந்தபோது வைகை அகலப் பாதைக்கு மாறிப் பல வருஷம் ஆகியிருந்தது. அதாவது அந்த எண் ஒரு நாள்கூட மீட்டர் கேஜ் தண்டவாளத்தைத் தொட்டதில்லை.

அடுத்தது, அதே பலகையில் ஆங்கிலத்தில் 'சென்னை எக்மோர்'. ஆங்கிலத்தில் மெட்ராஸ் என்பது சென்னை ஆனது 1996-ல். 1977-ல் அந்தப் பலகையில் ஆங்கிலத்தில் மெட்ராஸ் எக்மோர் என்றுதான் இருக்க முடியும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தமிழில் 'சென்னை' என்பது 1996-ல் முளைத்த பெயர் இல்லை, சென்னை மாகாணம் என்று எழுதிய காலத்திலிருந்தே அரசுத் தமிழில் இருக்கிற பெயர். ஆகவே ஒரே பலகையில் தமிழ் சரியாகவும் ஆங்கிலம் தப்பாகவும் இருக்கும். இந்த மாதிரி விஷயம் கண்ணில் பட்டால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் வராது. (நண்பர்கள் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், அது இங்கே வேண்டாம்.)

மூன்றாவதுதான் பெரிய விஷயம், அந்தத் தமிழ் 'சென்னை'யின் கடைசி எழுத்து.

இன்று நாம் எழுதுகிற னை, லை, ணை, ளை எல்லாம் 1978-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த அரசாணைக்குப் பிறகு நிலைபெற்ற வடிவம். பெரியார் 1935-லேயே குடி அரசில் பயன்படுத்த ஆரம்பித்த சீர்திருத்தம், அரசாங்கம் ஏற்றுக்கொள்ள 43 வருஷம் ஆனது. அதற்கு முன்னால் இந்த நான்கு எழுத்தின் ஐகாரமும் முன்னால் தனியாக நிற்காது. எழுத்தின் தலையிலிருந்து யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி கிளம்பும். ணா, றா, னா மூன்றுக்கும் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு சேர்ந்து கீழே சுருண்டு இருக்கும். உங்கள் வீட்டில் தாத்தா காலத்துக் கல்யாணப் பத்திரிகை இருந்தால் எடுத்துப் பாருங்கள், புரியும்.

ஆக, 1977 ஆகஸ்டில் ஓடிய வண்டியின் பலகையில் 'சென்னை' என்று எழுதினால் அந்த னை தும்பிக்கை வைத்த னை. 'வைகை'யில் பிரச்சினை இல்லை, 'மதுரை'யிலும் இல்லை, ஏனென்றால் வ, க, ர மூன்றும் இந்தப் பட்டியலில் வராது. சென்னை மாட்டிக்கொள்ளும், மலைக்கோட்டை எக்ஸ்பிரஸின் லை மாட்டிக்கொள்ளும், நெல்லை மாட்டிக்கொள்ளும். எங்கள் ஊர் பீர்க்கன்கரணையும் மாட்டிக்கொள்ளும் (எங்கள் ஊர் வழியாக ரயில் போகும், நிற்காது, பெருங்களத்தூரில்தான் ஏறவேண்டும்). அந்த மாடலில் இருந்தது கம்ப்யூட்டர் பாமினி எழுத்து, தடிமனாக்கி, நீட்டி, பிரிண்ட் எடுத்து ஒட்டியது. பணிமனைகளில் தகரத்தில் வெட்டிய ஸ்டென்சிலை வைத்துப் பெயின்ட் அடிப்பார்கள். அந்த எழுத்தின் நடுவில் சின்னச் சின்ன இடைவெளி விழும், தகரம் உதிர்ந்துவிடாமல் பிடித்துக்கொள்வதற்காக விட்டது. இல்லையென்றால் பெயின்டர் கையால் எழுதுவார், அதில் அவர் கை இருக்கும். பாமினியில் ஒன்றும் இல்லை.

அரசாணை வந்த மறுநாளே எல்லாப் பலகையும் மாறிவிட்டதா என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. மாறியிருக்காது. பழைய பலகை துருப்பிடிக்கும்வரை தொங்கும், பழைய பெயின்டர் ஓய்வு பெறும்வரை பழைய மாதிரியே எழுதுவார். ஆகவே 1983 மாடலில் தும்பிக்கை லை இருந்தால் நான் வாயைத் திறக்கமாட்டேன். ஆனால் புதுப் பலகை பழைய காலத்துக்குப் பின்னோக்கிப் போகாது. தாமதமாக வந்த வவுச்சரை ஆடிட்டர் ஏற்றுக்கொள்ளலாம், எதிர்காலத் தேதி போட்ட வவுச்சரை எப்படி ஏற்றுக்கொள்வார்?

நீலப் பெட்டிகளின் கதை இன்னும் தமாஷ். 1995 என்று தலைப்புப் போட்ட ஒரு கோயம்புத்தூர் வண்டி மாடலில் பெட்டி எண் 09-ல் ஆரம்பித்தது. ஐந்து இலக்கப் பெட்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் அது கட்டப்பட்ட வருஷம் என்பது ரயில் பைத்தியங்களுக்கெல்லாம் தெரிந்த அரிச்சுவடி. பதினான்கு வருஷம் கழித்துப் பெரம்பூரில் பிறக்கப்போகிற பெட்டி 1995-லேயே ஓடிக்கொண்டிருக்கிறது. அறிவியல் புனைகதைக்குப் பரிசு கொடுக்கலாம். கடைசி மூன்று இலக்கத்துக்கும் அர்த்தம் உண்டு: 201 முதல் 400 வரை ஸ்லீப்பர், 401 முதல் 600 வரை முன்பதிவில்லாத பெட்டி, 701 முதல் 800 வரை கார்டு அறையும் சாமான் அறையும் சேர்ந்தது. நம்மாள் ஐந்து பெட்டிக்கும் ஒரே எண்ணை ஒட்டியிருந்தார். டெக்கால் ஷீட்டில் ஐந்து காப்பி வந்ததாம்.

சரி, இப்போது எதிர்க்கட்சி வாதங்கள்.

முதல் வாதம் கெட்டிக்காரத்தனமானது, அதனால் அதற்கே அதிக நேரம் கொடுக்கிறேன். "தம்பி, ஹெச்.ஓ. ஸ்கேல்னா 87-ல ஒண்ணு. தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர். நம்ம அகலப் பாதை 1676 மில்லிமீட்டர். 87-ஆல வகுத்தா 19.26 வரணும். தண்டவாளமே தப்பு, நீ எழுத்தைப் பிடிச்சுட்டுத் தொங்கற!"

கணக்கு சரிதான். 16.5-ஐ 87-ஆல் பெருக்கினால் 1435.5, அதாவது ஐரோப்பாக்காரன் பாதை. நம் அகலப் பாதை வண்டி அதில் நிற்கும்போது கிட்டத்தட்ட கால் மீட்டர் குறுகலான பாதையில் நிற்கிறது. கடையில் விற்கிற தண்டவாளம், சக்கரம், எல்லாம் அந்த அளவில்தான் கிடைக்கிறது. தனியாகச் செய்யவேண்டுமென்றால் லேத் பட்டறையில் குடியிருக்க வேண்டும். ஆனால் அது எல்லோருக்கும் தெரிந்த தப்பு. இந்த ஸ்கேலில் செய்கிறேன் என்று சொல்லும்போதே அந்தத் தப்பையும் சேர்த்துச் சொல்லியாகிவிட்டது. கம்பெனிக் கணக்கில் அடிக்குறிப்புப் போடுகிற மாதிரி. அதைப் பார்த்து யாரும் இந்தியாவில் 1435-ல் வைகை ஓடியது என்று நம்பப்போவதில்லை. 1977-ல் சென்னை என்று ஆங்கிலத்தில் இருந்ததாக நம்புவார்கள். நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, எங்கள் பக்கத்து ரயிலுக்கு இந்த வாதமே செல்லாது. பீச்-தாம்பரம் பாதை மீட்டர் கேஜ். ஹெச்.ஓ.-வில் மீட்டர் கேஜுக்குத் தனித் தண்டவாளம் இருக்கிறது, 12 மில்லிமீட்டர். 87-ஆல் பெருக்கினால் 1044. வெறும் 44 மில்லிமீட்டர்தான் பிசகு. பெரிய வண்டிக்காரர்கள் கால் மீட்டர் பிசகோடு ஓட்டும்போது, நம் சின்ன வண்டி அநேகமாகச் சரியாகவே ஓடுகிறது. தண்டவாளம் சரியாகிவிட்டதே, இப்போது எழுத்தைத் திருத்துவீர்களா சார்?

மேலும் கேஜைத் திருத்த லேத் வேண்டும், எழுத்தைத் திருத்த ஒரு ஏ4 ஷீட் போதும். முடியாததைக் காட்டி முடிகிறதைச் செய்யாமல் விடுவது நம் ஊருக்குப் புதுசு இல்லை, இருந்தாலும்.

இரண்டாவது வாதம்: "யார் சார் பார்க்கப்போறாங்க?" ஆடிட்டிங்கில் மெட்டீரியாலிட்டி என்று ஒன்று சொல்லித் தருவார்கள். சின்னத் தப்பு என்றால் விட்டுவிடலாம், பார்க்கிறவன் முடிவை மாற்றக்கூடிய தப்பு என்றால் விடக்கூடாது. ஒரு ரிவெட் குறைந்தால் நான் விட்டுவிடுவேன். ஹெச்.ஓ.-வில் ஐ.சி.எஃப். பெட்டியே 245 மில்லிமீட்டர்தான், ரிவெட் எண்ணுகிறவனுக்கு என்னைவிட நோய் முற்றியிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் எழுத்து அப்படியா?

நான் மீட்டர் கேஜ் மின்சார ரயிலில் ஏறினதே இல்லை. பீச்-தாம்பரத்தில் கடைசி மீட்டர் கேஜ் வண்டி ஓடி முடிந்தது 2004-ல். 1931-ல் ஆரம்பித்த மின்சார ரயில், 1500 வோல்ட் டி.சி.யில் தொடங்கி, 60-களின் பிற்பகுதியில் 25,000 வோல்ட் ஏ.சி.க்கு மாறி, எழுபது வருஷத்துக்கு மேல் தாம்பரத்துக்காரர்களை ஆபீசுக்குக் கொண்டுபோய் இறக்கிய வண்டி. என் வயசுக்காரனுக்கு அது புகைப்படமும் மாடலும்தான். புகைப்படம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை, எழுத்து மங்கல். ஆகவே மாடலில் என்ன இருக்கிறதோ அதுதான் எங்களுக்கு வரலாறு. யார் பார்க்கப்போகிறார்கள் என்றால், நாங்கள்தான் பார்க்கப்போகிறோம்.

என் தாத்தா தாம்பரத்திலிருந்து பீச்சுக்கு சீசன் டிக்கெட்டில் போய்வந்தவர். ஒரு தடவை அவரைக் கூட்டிக்கொண்டு போய் '1968 புறநகர் ரயில்' என்று எழுதியிருந்த ஒரு மாடலைக் காட்டினேன். குனிந்து, கண்ணாடியைத் தூக்கி, முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டிவரை பார்த்தார். பெட்டிகளில் ரோமன் எழுத்தில் ஒன்று, இரண்டு என்று வகுப்பு போட்டிருந்தது. நிமிர்ந்து, "நான் போன பெட்டி இதுல இல்லையேடா" என்றார்.

அவர் போனது மூன்றாம் வகுப்பு.

இங்கேதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. மூன்றாம் வகுப்பு என்ற பெயரை இந்திய ரயில்வே எடுத்தது 1974-ல். அதுவரை நாட்டில் பெரும்பாலான ஜனங்கள் போனது அதில்தான். காந்தி 1917-லேயே அதன் லட்சணத்தைப் பற்றித் தனியாக எழுதியிருக்கிறார். 1968 ரயிலில் மூன்று கோடு போடாமல் விட்டால், ரயிலில் போனவர்களையே இறக்கிவிட்டு வெறும் ரயிலை ஓட்டுகிறோம் என்று அர்த்தம்.

1974-ல் என்ன நடந்தது என்று பாருங்கள். மூன்றாம் வகுப்பு ஒழிந்தது, எல்லாம் இரண்டாம் வகுப்பு ஆனது. பெட்டிக் குறியீட்டில் 'டி' இருந்த இடத்தில் 'எஸ்' வந்தது. மூன்று கோட்டில் ஒரு கோடு அழிந்தது. பலகை? அதே மரப்பலகை. இரண்டாம் வகுப்புப் படுக்கைக்கு மெத்தை போட ஆரம்பித்தது 1977-க்குப் பிறகு, மது தண்டவதே ரயில்வே மந்திரியாக இருந்தபோது. நடுவில் இரண்டு மூன்று வருஷம் எழுத்து மட்டும்தான் மாறியிருந்தது, முதுகுக்குக் கீழே மரம் அப்படியே. இதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் 1975 என்று போட்டு, இரண்டு கோடு எழுதி, உள்ளே வெறும் மரப்பலகை வைத்த ஒரு பெட்டியைச் சரியாகச் செய்தால் பார்க்கிறவனுக்கு ஒரே பார்வையில் புரியும். சும்மா அழகுக்கு நீல மெத்தை ஒட்டினால் அது போச்சு.

இன்னும் பின்னால் போனால் இன்னும் சங்கடம். 'போட் மெயில் 1914' என்று பாம்பன் பாலத்தோடு மாடல் செய்வது பலருக்கும் ஆசை. பாலம் 1914 பிப்ரவரியில் திறந்தது, தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், நல்ல கதைதான். பெட்டியில் 'எஸ்.ஆர்.' என்று எழுதிவிடுகிறார்கள். ஐயா, தெற்கு ரயில்வே பிறந்தது 1951 ஏப்ரல் 14. அதற்கு முன் அந்தப் பாதை தென்னிந்திய ரயில்வே, 'எஸ்.ஐ.ஆர்.' நடுவில் ஒரு 'ஐ'யை விட்டால் 37 வருஷம் காணாமல் போகிறது, கூடவே ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியும் காணாமல் போகிறது. யார் ரயில் அது, லாபம் எந்த ஊருக்குப் போனது என்பதெல்லாம் அந்த மூன்று எழுத்தில் இருக்கிறது. காமர்ஸ் மாணவனாக இதை நான் விடவே முடியாது.

அந்தக் காலத்து வண்டிகளில் ஐரோப்பியர்களுக்கு என்று ஒதுக்கிய பெட்டிகள் உண்டு. ஸ்டேஷன் சிற்றுண்டிச் சாலையில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். அதை எதிர்த்துப் பெரியாரும் நீதிக்கட்சியினரும் போராடி, 1941-ல்தான் ரயில்வே அதை எடுத்தது. 1930-கள் ஸ்டேஷன் மாடல் ஒன்று பார்த்தேன். தண்ணீர்ப் பம்பு, மரம், கூடை சுமக்கிற அம்மா, குதிரை வண்டி, நாய்கூட இருந்தது. அந்தப் பலகை இல்லை. கேட்டால், "அதெல்லாம் எதுக்கு, நல்லா இருக்காது" என்கிறார்கள். நல்லா இருக்காது, ஒத்துக்கொள்கிறேன், அங்கே சாப்பிடப் போனவர்களுக்கும் நல்லா இல்லை. நாய்க்கு இடம் இருக்கிற மாடலில் அந்த ஒரு அங்குலப் பலகைக்கு இடம் இல்லையா?

எழுத்தில் ஒன்றும் இல்லை என்று தமிழ்நாட்டில் இருந்துகொண்டு சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். 1952 ஆகஸ்ட் 1 அன்று ரயில் நிலையப் பலகைகளில் இந்தி எழுத்தைத் தார் பூசி அழித்தார்கள் திராவிடர் கழகத்தார். 1953 ஜூலையில் டால்மியாபுரம் ஸ்டேஷன் பலகையில் 'கல்லக்குடி' என்று ஒட்டிவிட்டுத் தண்டவாளத்தில் படுத்தார் கருணாநிதி. துப்பாக்கிச் சூடு வரை போன விஷயம் அது. அவர்கள் அரசியல் உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம், அது வேறு பேச்சு. ஒரு ஸ்டேஷன் பலகையில் எந்த எழுத்து இருக்கிறது என்பதற்காக ஜெயிலுக்குப் போன ஊர் இது. அந்த ஊர் ரயிலைச் சின்னதாகச் செய்துவிட்டு, பலகையில் எது இருந்தால் என்ன என்கிறோம்.

வெளிநாட்டில் இதையெல்லாம் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டால் பொறாமையாக இருக்கிறது. மார்க்லின் மாதிரி கம்பெனி மாடல்களில் இது எந்தக் காலகட்டத்து வண்டி என்று 'எபோக்' எண் போட்டு விற்கிறார்கள். ஜெர்மனியில் மூன்றாம் வகுப்பு 1956-ல் ஒழிந்தது, மூன்றாவது எபோக்கையே அந்த வருஷத்தை வைத்து இரண்டாகப் பிரித்துப் பேசுகிறார்கள். இங்கிலாந்தில் ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன் என்ற பிரபலமான நீராவி எஞ்சினைப் பழுது பார்த்து 2016-ல் மறுபடி ஓட்டினார்கள். ஜனங்களுக்குப் பிடித்தது பழைய ஆப்பிள் பச்சையும் 4472 என்ற எண்ணும். ஆனால் எஞ்சினில் இரட்டைப் புகைபோக்கியும் பக்கத்தில் புகை தள்ளும் தகடும் இருக்கிறது, அவை பிற்காலத்தில் பொருத்தியவை. ஆகவே அந்தக் காலத்துக்குரிய கரும்பச்சையும் 60103 என்ற எண்ணும்தான் அடித்தார்கள். ஜனங்களுக்குப் பிடித்த எண் ஒரு பக்கம், எஞ்சினின் உடம்பு சொல்கிற வருஷம் ஒரு பக்கம், அவர்கள் எதை எடுத்தார்கள் பாருங்கள். அது நிஜ எஞ்சின், மாடல்கூட இல்லை!

இதைச் சொன்னால் மூன்றாவது வாதம் வரும். "அங்கே புத்தகம் இருக்கு, ஆவணம் இருக்கு. இங்கே எங்கே போறது?" இதில் பாதி உண்மை. பாதி சோம்பேறித்தனம்.

பெட்டியே தன் தேதியை எழுதி வைத்துக்கொண்டுதான் ஓடுகிறது. பெட்டியின் முனைச் சுவரில் எந்தப் பணிமனையில், எந்த மாசம், எந்த வருஷம் முழுப் பராமரிப்பு முடிந்தது, அடுத்து எப்போது திரும்ப வரவேண்டும் என்று எழுதியிருக்கும். பெரம்பூரா பொன்மலையா என்பதுகூடக் குறியீட்டில் தெரியும். பழைய போட்டோவில் அந்த மூலை தெளிவாக இருந்தால் பெட்டிக்கு ஜாதகமே கிடைத்த மாதிரி. ஐ.சி.எஃப். பக்கத்தில் 2002-லிருந்து ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது, லென்ஸ் எடுத்துக்கொண்டு போகலாம். ஐ.ஆர்.எஃப்.சி.ஏ. தளத்தில் பல வருஷமாக ஆட்கள் போட்டோ போட்டுக் குவித்திருக்கிறார்கள். இதற்கெல்லாம் மேல், தாம்பரம், பெருங்களத்தூர், பொன்மலை, பெரம்பூர் எல்லா ஊரிலும் ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் போய் "1970-ல பெட்டி மேல என்ன எழுதியிருந்துச்சு" என்று கேட்டுப் பாருங்கள், இரண்டு மணி நேரத்துக்கு உங்களை விடமாட்டார்கள். ரிச்சி தெருவில் மோட்டாருக்கும் எல்.இ.டி.க்கும் அலைகிற நேரத்தில் நாலில் ஒரு பங்கு போதும்.

ஒரு சின்ன யோசனையும் வைத்திருக்கிறேன். ஜெர்மன்காரன் எபோக்கை அப்படியே எடுத்தால் நமக்குப் பொருந்தாது. நமக்கு வெட்டு விழுகிற இடங்கள் வேறு. 1951-க்கு முன் கம்பெனி காலம். அப்புறம் 1974 வரை மூன்று கோட்டுக் காலம். அதற்குப் பிறகு 1978-ல் எழுத்து வடிவம் ஒரு வெட்டு, 90-களில் சிவப்புப் பெட்டி நீலமானதும் ஆங்கில மெட்ராஸ் சென்னையானதும் இன்னொரு வெட்டு, 2010-ல் எண் ஒரு வெட்டு. யாராவது கூடுதலாக வெட்டலாம், சண்டை போடலாம், நான் ரெடி. ஆனால் மாடலுக்கு முன்னால் வைக்கிற அட்டையில் இந்தக் காலத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் போடட்டும்.

தேர்ந்தெடுக்க முடியவில்லை, தகவல் நிஜமாகவே கிடைக்கவில்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. வருஷத்தைப் போடாதீர்கள். 'வைகை, மீட்டர் கேஜ்' என்று மட்டும் எழுதுங்கள், நான் வந்து ஜன்னல் கம்பியைப் பார்த்துவிட்டுக் கை தட்டிவிட்டுப் போகிறேன். இல்லையென்றால் தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். நான் அட்டையில் ஒரு தாம்பரம் மின்சார ரயில் செய்துகொண்டிருக்கிறேன், 1968. தாத்தா பெட்டிக்கு மூன்று கோடு போட்டாகிவிட்டது. முகப்புப் பலகையில் தமிழில் என்ன எழுதியிருந்தது, எந்த வடிவத்தில் என்பதற்கு நம்பகமான போட்டோ இன்னும் கிடைக்கவில்லை, அதனால் அந்த இடம் வெறும் பெயின்டாகத்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில் அந்த வண்டியின் மூஞ்சி தெரிகிற மாதிரி ஒரு படம் இருந்தால், பின்னால் நிற்கிற மாமா முகத்தை மறைத்துவிட்டாவது எனக்கு அனுப்புங்கள்.